நாலு பட்டனுக்குள் என் பஸ்

ஏனுங்க, உங்க கையில அந்தச் செவப்பு பஸ்ஸு ஓடுதே, அது என்ற கேமுங்க.

இல்லீங்க, வெளையாட்டுக்குச் சொல்லல. 'ரூட் பஸ்'தானே? ஒரே ஒரு பழைய பஸ்ஸோட ஆரம்பிச்சு, ரூட்டுக்கு டைம் வாங்கி, ஆள் ஏத்தி, எதிர்க் கம்பெனிக்காரன முந்தி, ஊரு பூராம் பஸ் வுடறது. அத மொதமொத யோசிச்சது நான். என்ற பேரு ஈஸ்வரமூர்த்தி. கோயமுத்தூரு, சரவணம்பட்டி. கம்ப்யூட்டர் கேமு பண்றதுதானுங்க பதினாலு வருசமா என்ற பொழப்பு.

உங்க பொண்ணுதுங்களா இது? சென்னையில காலேஜு. ரிப்பேர் பண்ணிக் கொண்டு போறீங்க. போற வழியில சும்மா ஓட்டிப் பாக்கறீங்க. சரி சரி. எத்தன பஸ் வச்சிருக்கீங்க இப்ப? ஏழா? திருப்பூர்ல ரயிலு ஏறினப்பத்தானே ஆரம்பிச்சீங்க, நான் பாத்துட்டேதானே இருக்கறேன். ஈரோடு வர்றதுக்குள்ள ஏழு பஸ்ஸா?

கோவிச்சுக்காதீங்க, எனக்கு இதக் கேட்டாலே ஒரு மாதிரி ஆவுது. நான் பண்ண பிசி வெர்சன்ல ஏழு பஸ் வாங்கோணும்னா ஒரு மனுசன் மூணு வாரம் ஒக்காரோணும். அதுதாங்க கேமு. அரிசி மண்டிக்காரர் நீங்க, முன்னப்பின்ன இதத் தொட்டதில்லைங்கறீங்க, முக்கா மணி நேரத்துல ஏழு பஸ்ஸுங்கறீங்க. எங்கயோ இடிக்குதில்லீங்களா?

நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க. ஓட்டிட்டே கேளுங்க. உங்ககிட்ட ஒரு ஒதவி கேக்கோணும். இப்ப இல்ல, சேலம் தாண்டட்டும். இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு கிண்டியில ஒரு பெரிய கம்பெனியில எனக்கு இன்டர்வியூ. கன்சோல் அனுபவம் இருக்கோணும்னு கேட்டிருக்காங்க. இருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். அந்த அனுபவத்துக்கு அத்தாச்சி இப்ப உங்க கையில இருக்கற டப்பாக்குள்ள இருக்குது. இல்லைன்னா இல்லாம இருக்குது. அதப் பாக்கத்தான் ஜன்னல் சீட்ட வுட்டுட்டு உங்க பக்கத்துல வந்து ஒக்காந்தேன், ஒளிச்சுப் பேசி என்ன ஆவப்போவுது.

கன்சோல்னா தெரியுமில்லீங்க? கேமு ஆடறதுக்குன்னே செஞ்ச டப்பா. டிவியில மாட்டறதும் இருக்குது, இந்த மாதிரிக் கையில வச்சு ஆடறதும் இருக்குது. பிசின்னா நம்ம வீட்டுக் கம்ப்யூட்டரு. மவுசு, கீபோர்டு, நூத்திச் சொச்சம் பட்டன். என்ன வேணும்னாலும் பண்ணலாம். டப்பாவுல நாலு பட்டன், ரெண்டு குமிழு, தீர்ந்துது கத.

எங்க கம்பெனி சின்னதுங்க. மொதலாளி கோவர்தன் சாரு, நான், என்ற கூட நாலு பேரு. ரெண்டு வருசமா பிசிக்குன்னே 'ரூட் பஸ்' பண்ணிட்டிருந்தோம். பண்ணிட்டிருந்தேன்னே சொல்லலாம். பதினோரு ஜன்னல், அதாவது ஸ்கிரீன்ல தொறக்கற கட்டம், வச்சிருந்தேன் சார் அதுல. கண்டக்டரோட மனநெலைக்கு ஒரு ஜன்னல். டயர் காத்துக்கு ஒரு ஜன்னல். டிக்கெட்டு என்ன கலருங்கறதுக்கு ஒன்னு. வைப்பரு எத்தன வேகத்துல ஆடோணுங்கறதுக்கு ஒன்னு. மழ தூறுனா ஒரு வேகம், கொட்டுனா ஒரு வேகம். உக்கடம் பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து மூணு நாள் வைப்பரு மட்டும் பாத்தேன்.

அப்பத்தான் வெளிநாட்டுல ஒருத்தன், கேம வாங்கி விக்கறவன், பாத்துட்டு ஆகா ஓகோன்னான். நல்லா இருக்குது, எடுத்துக்கறேன், ஆனா கன்சோல்லயும் வரோணும், ரெண்டும் ஒரே நாள்ல வரோணும்னுட்டான். கோவர்தன் சாரு என்னையக் கேக்கவே இல்ல. அடுத்த மாசமே கன்சோலுக்குன்னு ஒருத்தரக் கூட்டிட்டு வந்துட்டாரு.

ஜெஸிந்தா. நாகர்கோயில்காரம்மா. பெங்களூர்ல எட்டு வருசம் கன்சோல் கேமே பண்ணவங்களாம். என்னைய விட நாலஞ்சு வயசு சின்னவங்க. வந்த மொத நாளே எனக்கு ஒரு டப்பா நேந்திரங்கா சிப்ஸ் குடுத்து, "சார், உங்க கேம ஒரு வாரமா ஆடிட்டு இருக்கேன், கைய எடுக்க முடியல்ல"ன்னாங்க. எனக்கு அப்பவே தெரியுமுங்க, இந்தம்மா காரியக்காரின்னு.

அவங்களுக்குக் கண்ணாடி ரூமு. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் ஃபேனுதாங்க. கண்ணாடி ரூமுக்கு மட்டும் புது ஏசி. கன்சோல் கம்பெனிக்காரன் கேமு பண்றவங்களுக்குன்னு தனியா ஒரு டப்பா அனுப்புவான், அது கடையில கெடைக்காது. அத வெளி ஆளு பாக்கக்கூடாது, போட்டா எடுக்கக்கூடாதுன்னு ஏகப்பட்ட கெடுபிடி. ரகசியம் காப்பேன்னு கையெழுத்துப் போட்டவன்தான் உள்ள போலாம். நான் ரெண்டு வருசம் பெத்து வளத்த கேமு உள்ள ஓடுது, நான் கண்ணாடிக்கு வெளிய நின்னு பாக்கறேன்.

கையெழுத்தா? கேட்டாங்க, கேட்டாங்க. அந்தம்மாவே காயிதத்தக் கொண்டாந்து, "சார், இதுல போட்டா நீங்களும் வரலாம். நீங்க வந்தா எனக்கு ரொம்பச் சொகம்"ன்னாங்க. நான் எதுக்குங்க போடோணும்? என்ற கேமு, என்ற ஆபீஸு. என்ற வூட்டுக்குள்ள போறதுக்கு நான் கையெழுத்துப் போடோணுமா? முடியாதுன்னுட்டேன். அதுலருந்து ஒன்றர வருசம் என்னைய அந்த ரூமுக்குள்ள வுடவே இல்ல சார். நெனச்சுப் பாருங்க.

ஆயுத பூஜ வந்துது. நம்மூருல கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பமில்லீங்க. கோவர்தன் சாரு தட்டோட ஒவ்வொரு மேசையா வந்தாரு. என்ற கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு. ஒன்னே ஒன்னு. அப்பறம் கண்ணாடி ரூமுக்குள்ள போனாரு. அந்த டப்பாவுக்கு மூணு பொட்டு. மாலை! ரெட்டை மாலை சார், கதம்பம். நான் வெளிய நின்னு எண்ணிட்டே இருந்தேன். பொரிகூட அங்கதான் ரெண்டு கை அதிகமா வச்சாங்க. ஜெஸிந்தாம்மா கிறிஸ்துவங்க, அவங்களே சிரிச்சுட்டே ஊதுபத்தி புடிச்சு நின்னாங்க. வயிறு எரிஞ்சுதுங்க. சொல்றதுக்கு என்ன வெக்கம். அன்னிக்குச் சுண்டலே எறங்கல.

ஆனா பொறாமைன்னு நெனச்சுக்காதீங்க. என்ற கவலை பூரா கேமப் பத்தி. தரம் சார், தரம்.

ஏன்னா கேளுங்க. அந்தம்மா என்ற பதினோரு ஜன்னலயும் நாலாக்கிட்டாங்க. "சார், வைப்பர் ஜன்னல நூறு பேர் ஆடினா எத்தன பேர் தொறக்காங்கன்னு பாத்தேன். மூணு பேரு"ன்னாங்க. அந்த மூணு பேருக்காகத்தாங்க நான் பொறந்ததே! அதச் சொன்னேன். "அது சரி சார், மீதி தொண்ணூத்தேழு பேருக்கு யாராவது பொறக்கணும்லா"ன்னாங்க. சிரிக்காதீங்க. எல்லாரும் இதுக்குச் சிரிக்கறாங்க.

அப்பறம் எழுத்து. சோபாவுல எட்டடி தள்ளி ஒக்காந்து படிக்கறவனுக்குத் தெரியோணுமாம், எழுத்தப் பூசணிக்கா சைசுக்கு ஆக்கிட்டாங்க. கன்சோல் கம்பெனிக்காரன் எழுத்து சின்னதா இருந்தா கேம எடுத்துக்க மாட்டானாம், திருப்பி அனுப்பிருவானாம். திருப்பி அனுப்பட்டுமே! பிசியில ஆடறவன் ஒரு முழத்துல ஒக்காந்து ஆடறான். அவனுக்கு எதுக்குங்க பூசணிக்கா?

நாலாவது பட்டன அமுத்துங்க, அந்த டிரைவருக்கு லீவு குடுக்கோணும். ஆங், அதேதான். பாத்தீங்களா, ஒரே அமுக்கு. நான் அதுக்கு ரெண்டு ஜன்னல், ஒரு கடுதாசி, ஒரு ரப்பர் ஸ்டாம்பு வச்சிருந்தேன்.

எல்லாத்துலயும் பெரிய கூத்து என்னன்னா, வயரப் புடுங்கறது. அந்தம்மா கேமு சேமிக்கிற நேரம் பாத்து, அதாவது ஆடினது அதுவரைக்கும் பதிவாகற அந்த ரெண்டு செகண்டுல, டப்பாவோட கரண்டு வயர வெடுக்குன்னு புடுங்குவாங்க. மறுபடி மாட்டுவாங்க. ஓட்டுவாங்க. மறுபடி புடுங்குவாங்க. ஒரு நாளைக்கு அம்பது தடவ. நான் கண்ணாடி வழியாப் பாத்துட்டே இருப்பேன். கன்சோல் கம்பெனிக்காரன் பரிச்ச வைப்பானாம், சேமிக்கறப்ப கரண்டு போனாலும் ஆடுனவனோட பதிவு அழியக்கூடாதாம். இதுக்கு ஒரு எஞ்சினியரா? எங்க தெருவுல கேபிள் டிவிக்காரன் இதவிட நல்லா வயர் புடுங்குவான்னு கேன்டீன்ல சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மாவும் சிரிச்சாங்க, அதான் எனக்கு ஆத்தரம்.

ஒரு நாள் என்ற மேசைக்கு வந்து, "சார், அந்தப் பதிவு அழியுத கோளாறு உங்க பக்கமும் இருக்கு. நான் சரி பண்ணி அனுப்பியிருக்கேன், எடுத்துக்கிடுங்க"ன்னாங்க.

இத உங்களுக்குச் சொல்லோணும். நாங்க வேல செய்யற மொறை எப்படின்னா, ஒரே கேமுக்கு ரெண்டு நோட்டுன்னு வச்சுக்குங்க. பிசிக்கு ஒன்னு, கன்சோலுக்கு ஒன்னு. மொதல்ல ஒரே நோட்டுதான் இருந்துது. நான்தான் சண்ட போட்டுப் பிரிச்சேன். அவங்க நோட்டுல எதயாவது திருத்துனா எனக்கு ஒரு சேதி வரும், 'உங்க நோட்டுலயும் சேத்துக்கறீங்களா'ன்னு. நான் வேண்டாம்னு அமுத்திருவேன். இருநூத்திப் பதினாலு தடவ வேண்டாம்னு அமுத்தியிருக்கறேன் சார். கேமு தொறக்கறதுக்கு ஒன்னேமுக்கா நிமிசம் ஆயிட்டிருந்துது, அத அவங்க பத்தொம்பது செகண்டா கொறச்சாங்க. அதயும் வேண்டாம்னுட்டேன். எங்காளுக காத்திருப்பாங்க. நல்ல சோறு வேகறதுக்கு நேரமாவுமில்லீங்க?

அந்த வயர் சமாச்சாரத்தையும் வேண்டாம்னுட்டேன். பிசியில யாருங்க வயரப் புடுங்குவாங்க?

இதுக்கு நடுவால என்ற நாலு பேர்ல ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டுட்டுக் கண்ணாடி ரூமுக்குப் போயிட்டாங்க. ஏசிக்காகத்தான். கன்சோல் ஆவறதுக்காகப் பிசி வெர்சன் ஏழு மாசம் காத்துட்டு நின்னுது, அது பொய்யில்லீங்க, நீங்க யார வேணும்னாலும் கேளுங்க. அந்த ஏழு மாசத்துல பஸ்ஸ வச்சே வேறொருத்தன் ஒரு கேமு வுட்டுட்டான். அந்த வவுத்தெரிச்சல நான் எங்க போயிச் சொல்றது? வூட்டுல சொன்னேன். என்ற சம்சாரம் வசுமதி சோத்தப் போட்டுட்டே, "இந்த ஒரு வருசத்துல நீங்க ஜெஸிந்தா ஜெஸிந்தான்னு சொன்னதுல கால்வாசி வசுமதின்னு சொல்லியிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்"ன்னா. அவளுக்கு என்ற வேல புரியாது, பாவம்.

சேலமா இது? டீ சாப்புடறீங்களா? ஏனுங்க, ரெண்டு டீ குடுங்க. சக்கரை போட்டே குடுங்க. கேமு போனாப் போவுது சார், நிறுத்தி வைங்க. பயப்படாதீங்க, பதிவு அழியாது. இதுல அழியாது.

கேமு வெளிய வந்துது. ஒரே நாள், ரெண்டும். மொத மூணு நாள் அருமையாப் போச்சு. நாலாவது நாளு ஆரம்பிச்சுது. திண்டுக்கல்லுல ஒரு பையன் எழுதறான், 'எண்பத்திநாலு மணி நேரம் ஆடினேன். நூத்தி முப்பது பஸ். இன்னிக்கு எங்க ஏரியாவுல மாசாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டு நிறுத்திட்டாங்க. திரும்பித் தொறந்தா ஒரு பஸ்கூட இல்ல'. அப்பறம் கரூரு. அப்பறம் பாட்னா. அப்பறம் ஏதோ பிரேசிலாம், அங்கயும் கரண்டு போவுமாட்டிருக்குது. நம்ம ஆபீஸ்ல யுபிஎஸ் இருக்குதுங்க, எனக்கு எப்படித் தெரியும்? பதினஞ்சு நாள்ல பிசில வாங்குனவங்கள்ல பாதிப் பேரு பணத்தத் திருப்பிக் கேட்டுட்டாங்க.

ஆனா அவங்க எழுதினதுதான் முக்கியம். ஒவ்வொருத்தனும் என்ன எழுதியிருந்தான் தெரியுங்களா? 'கன்சோலுக்குப் பண்ண கேம அப்படியே தூக்கிப் பிசில போட்டிருக்காங்க. பிசிக்காரன்னா இளப்பமா? சோம்பேறித்தனம்.' ஒன்னு ரெண்டு இல்ல, எழுநூறு பேரு! நான் ஒன்றர வருசமா தொண்ட கிழியக் கத்துனத ஊரே திருப்பிச் சொல்லுது. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. அத்தனையும் பிரின்ட் எடுத்தேன். சுருளா எடுத்துட்டுப் போயி கோவர்தன் சாரு மேசையில வச்சேன். "பாத்தீங்களா சார், கன்சோல் வந்து என்ற கேமக் கெடுத்துருச்சு. நான் சொல்லல, சனம் சொல்லுது"ன்னேன்.

அவரு அந்தச் சுருளப் பிரிச்சு நாலஞ்சு படிச்சாரு. அப்பறம் கேட்டாரு, "மூர்த்தி, கன்சோல்ல ஒருத்தனுக்காவது பதிவு அழிஞ்சிருக்குதா?"

இல்லைங்க சார்ன்னேன்.

"ஏன் அழியல?"

நான் காயிதத்த மறுபடி சுருட்ட ஆரம்பிச்சேன். ஜெஸிந்தாம்மாவும் அங்கதான் நின்னுட்டிருந்தாங்க. இந்த எடத்துல அவங்க சொல்லியிருக்கலாமுங்க, நான் அனுப்புனேன், இவரு வேண்டாம்னுட்டாருன்னு. தேதியோட இருக்குது. நானா இருந்தா சொல்லியிருப்பேன். அந்தம்மா, "பிசில கரண்டு போற விதம் வேற சார், மூணு நாள் குடுங்க, நானும் மூர்த்தி சாரும் ஒக்காந்து பாக்கோம்"ன்னாங்க.

பாருங்க சார் சாமர்த்தியத்த! நல்ல பேரு வாங்கறதுக்கு என்ன ஒரு வழி!

மூணு நாள் என்ற மேசையில, ஃபேனுக்குக் கீழ, என்ற பக்கத்துல நாற்காலி போட்டு ஒக்காந்தாங்க. என்ற கம்ப்யூட்டர் வயர அம்பது தடவ புடுங்கினாங்க. மூணாவது நாளு, "இனி நீங்க புடுங்கிப் பாருங்க சார்"ன்னாங்க. நான் புடுங்கினேன். மாட்டினேன். தொறந்தேன். எல்லாப் பஸ்ஸும் நின்ன எடத்துலயே நின்னுது. வைப்பரு உட்பட. சந்தோசந்தான் சார். ஆனா அந்தச் சந்தோசத்த எனக்கு அவ குடுத்தாங்கறதுதான்... வுடுங்க.

பிசி வெர்சன் மெல்ல எந்திரிச்சுது. ஆனா எங்க அத்தன பேருக்கும் அந்த வருசம் சம்பளம் போட்டது கன்சோல்ல வித்த காசுதான்னு கோவர்தன் சாரு பொங்கலுக்கு எல்லாரு முன்னாடியும் சொன்னாரு. எதுக்குங்க அத எல்லாரு முன்னாடியும் சொல்லோணும்?

இப்ப ஒதவிக்கு வாரேன்.

ஒவ்வொரு கேமு கடைசியிலயும் பேரு லிஸ்டு ஓடும். யாரு யாரு செஞ்சாங்கன்னு. எங்க தொழில்ல அதுதாங்க சான்றிதழு. வேலைக்குப் போனா மொதல்ல அதத்தான் தொறந்து பாப்பாங்க. பிசி நோட்டுல அந்த லிஸ்ட எழுதுனது நான். மொதல்ல என்ற பேரு. அப்பறம் என்ற நாலு பேரு, கண்ணாடி ரூமுக்கு ஓடிப்போன அந்த ரெண்டு பேரும் சேத்துத்தான், எனக்கு அந்த அளவுக்கு மனசு இருக்குதுங்க. கோவர்தன் சாரு. டீ கொண்டாற சாந்தாமணியக்கா. வாட்ச்மேன் ரங்கண்ணன் பேருகூடப் போட்டேன், அவருக்குக் காட்டுனப்ப அழுதுட்டாரு.

ஜெஸிந்தாம்மா பேரு போடல.

அது பிசி லிஸ்டுங்க. அவங்க கன்சோலு. அவங்களுக்குத் தனி லிஸ்டு இருக்குதில்ல. அந்த மூணு நாளுக்கு அப்பறம் கோவர்தன் சாரு, "அவங்க பேரு சேத்தியாச்சா?"ன்னாரு. அடுத்த அப்டேட்ல சார்ன்னேன். மறந்துபோச்சு. வேல அப்படி. அப்பறம் அஞ்சு அப்டேட் போச்சு. அஞ்சுலயும் மறந்துபோச்சு. ஒரு தடவ அந்தம்மா என்ற பின்னாடி நின்னுட்டிருந்தாங்க, அந்த லிஸ்டு என்ற ஸ்கிரீன்ல தொறந்து கெடந்துது. பாத்தாங்க. "ரங்கண்ணன் பேரு போட்டது ரொம்ப நல்லாருக்கு சார்"ன்னுட்டுப் போயிட்டாங்க.

போன மாசம் கோவர்தன் சாரு அடுத்த கேமு கன்சோலுக்குத்தான் மொதல்ல, அப்பறந்தான் பிசி, ரெண்டுக்கும் ஜெஸிந்தாதான் தலைன்னாரு. நான் அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். சாவி, கடவுச்சொல்லு எல்லாத்தையும் மேசையில வச்சுட்டு. அந்தம்மா வாசல் வரைக்கும் வந்து, "சார், போவாதீங்க"ன்னாங்க. நாடகம்!

வெளிய வந்தாத்தான தெரியுது. எந்தக் கம்பெனியிலயும் பிசிக்கு மட்டும்னு ஆளு எடுக்கறதில்ல. கன்சோல் பண்ணியிருக்கீங்களான்னுதான் கேக்கறான். நானும் வேற வழியில்லாம 'ரூட் பஸ், கன்சோல் வெர்சன்'னு எழுதிட்டேன். நாலு மணிக்கு அவங்க அந்த டப்பாவத் தொறந்து லிஸ்டப் பாப்பாங்க. அதுல என்ற பேரு இருக்காது சார். நான் அவ பேரு போடல, அவ எதுக்கு என்ற பேரு போடுவா? கண்ணாடி ரூமுக்குள்ள காலே வைக்காதவன் நான். பொய்யின்னு தெரிஞ்சுதுன்னா இந்தச் சின்னத் தொழில்ல ஊரு பூராம் நாறிப்போயிரும்.

கன்சோல் வாங்கக்கூடாதுன்னு சபதம் எடுத்தவன், என்ற வூட்டுல அது கெடையாது. நெட்டுல ஆடிக் காட்டறவனெல்லாம் பேரு வர்ற எடத்துல நிறுத்திப்போடறான். ஆபீஸ்ல யாரையாவது கேக்கலாம். கேட்டா நான் செத்துருவேன்.

அதனால உங்க கையப் புடிச்சுக் கேக்கறேன். மொத பட்டன அமுத்துங்க. கீழ எறங்குங்க. இன்னும் கீழ. 'உருவாக்கியவர்கள்'னு இருக்குதா? அமுத்துங்க. காலையில பதட்டத்துல படிக்கற கண்ணாடிய வூட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன், நீங்கதான் படிச்சுச் சொல்லோணும். ஈஸ்வரமூர்த்தி, அவ்வளவுதான். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்க. நான் காட்பாடியில எறங்கி, எதிர் வண்டி புடிச்சு வூட்டுக்குப் போயிர்றேன்.

ஓடுதா? இருங்க. சித்த இருங்க, இப்படித் திருப்புங்க.

நானே படிக்கறேன். தெரியுதுங்க. கண்ணாடி இல்லாமயே தெரியுது.

'மூலக் கற்பனை, வடிவமைப்பு: ஈஸ்வரமூர்த்தி.' மொதல்ல. எல்லாருக்கும் மொதல்ல, தனியா, ஒரு திரை பூராம். அப்பறம்... இது என்ற லிஸ்டுங்க. நான் எழுதுன லிஸ்டு. வரிசைகூட மாறல. கோவர்தன் சாரு. சாந்தாமணியக்கா. ரங்கண்ணன். ஒரு பேரு வுடல.

நிறுத்தாதீங்க, ஓடட்டும்.

இந்தா. அத்தன பேருக்கும் கடைசியில. 'கன்சோல் வடிவம்: ஜெஸிந்தா.' ரங்கண்ணனுக்கும் கீழ.

என்ன ஒரு திமிரு பாருங்க சார் அவளுக்கு. எனக்குச் சொல்லவே இல்ல. ஒரு வார்த்த சொல்லல. கேமு வெளிய வந்து ஒரு வருசமாச்சு, ஒரு வருசமா என்ற பேரு இதுல ஓடிட்டிருக்குது, அவ பாட்டுக்கு எனக்கு வணக்கம் சொல்லிட்டு, டீ குடிச்சுட்டு, என்ற ஸ்கிரீன எட்டிப் பாத்துட்டு... இதுலயும் அவதான முந்திட்டா.

எனக்கு ஒன்னுமில்லீங்க. டீ சூடு.

நாலு மணிக்குப் போறேன், போறேன். பேரு இருக்குதில்ல, தைரியமாப் போலாம். அத்தாச்சி கெடச்சுருச்சு. அவங்க கேப்பாங்க, கன்சோல் வெர்சன்ல நீங்க என்ன வேல செஞ்சீங்கன்னு. கேப்பாங்கதான? என்னங்க சொல்லட்டும்? இருநூத்திப் பதினாலு தடவ வேண்டாம்னு அமுத்துனேன்னா?

பிசி லிஸ்டுல அவங்க பேரச் சேக்கறது ரெண்டு நிமிச வேலைங்க. அஞ்சு அப்டேட்டு போச்சு, ரெண்டு நிமிசம். இப்ப அந்த நோட்டத் தொறக்கற சாவி என்ற கையில இல்ல. மேசையில வச்சுட்டு வந்துட்டேன்னு சொன்னேன் பாருங்க, அது இப்ப ஜெஸிந்தாம்மாகிட்டத்தான் இருக்கும்.

அவங்களா அவங்க பேரப் போட்டுக்க மாட்டாங்க, சார்.